ஸ்டெஃபி கடை மந்திரிப்பு

ஸ்டெஃபிக்குத் தம்பி அலெக்ஸைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கரையான்சாவடியில் இருவரும் சேர்ந்து கேம் சென்டர் போடுவதாகத்தான் முதலில் பேச்சு. கம்ப்யூட்டர்தான் என்று இவள் நிற்க, கன்சோல்தான் என்று அவன் நிற்க, வாய்ச்சண்டை முற்றி எதிரும் புதிருமாக இரண்டு கடைகள் முளைத்தன. கூடப்பிறந்த பாசமாம், மண்ணாங்கட்டி!

கம்பெனி வேலையை உதறி, கழுத்து நகையை விற்று வாங்கிய கம்ப்யூட்டர்கள் அவை. அவை போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டவை, ஓடத் தொடங்கினால் அனல் கக்கும். மேலே தகரக் கூரை, வெளியே சித்திரை வெயில். திறப்புக்கு முன் ஓட்டிப் பார்த்தபோதே சூடு தாங்காமல் அடிக்கடி அணைந்துபோயின. கடுப்பில் பெட்டிகளின் பக்கத் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆளுயர ஃபேனை அவற்றின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இன்னாக்கா, கடையா, இட்லி குண்டானா?" என்று எதிர்க்கடையிலிருந்து அலெக்ஸ் கேட்டான்.

"உன் பொம்ம டப்பாவ கட்டிகினு பொத்திகினு குந்துடா!"

திறப்பு நாளன்று இரண்டு கடைகளையும் மந்திரிக்கப் பங்கு ஃபாதர் வந்தார். தீர்த்தம் தெளிப்பதில் அவருக்குத் தாராளக் கை. மூடிய கன்சோல்கள்மேல் விழுந்ததை அலெக்ஸ் துண்டால் துடைத்துவிட்டு, ஃபாதர் பின்னாலேயே அக்கா கடைக்கும் வந்து நின்றான். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான், வெட்கங்கெட்டவன் என்று ஸ்டெஃபி பல்லைக் கடித்தாள்.

ஃபாதர் பார்க்கட்டுமே என்று எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஓடவிட்டிருந்தாள். முக்காடு போட்டு முழங்காலிட்டாள்.

"இருங்க ஃபாதர்! அக்கா, பொட்டி தொறந்து கீது, தண்ணி..."

"ஜெபம் நடக்குது, வாய மூடுடா! உன் கடைய மந்திரிக்க சொல்லோ நான் வந்து கத்துனனா?"

அலெக்ஸ் வாயை மூடிக்கொண்டான். ஃபாதர் தெளித்தார். ஃபேன் காற்று துளிகளை வாரிக்கொண்டுபோய்த் திறந்த பெட்டிகளுக்குள் போட்டது. டப், டப்பென்று ஒவ்வொரு திரையாக இருண்டது. கருகல் வாடை குப்பென்று எழுந்தது. ஃபாதர் பதறிப்போனார்.

விளையாட வந்தவர்கள் எல்லோரும் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்கள். அலெக்ஸ் மட்டும் போகவில்லை.

"நான்தான் சொன்னேன்லக்கா."

ஸ்டெஃபி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பொறந்ததுலேர்ந்து ஒருநாளாவது என் பேச்ச கேட்டிருக்கியாடா? இன்னிக்கி மட்டும் ஏன்டா கேட்ட?"