பத்து நாற்பதுக்கு விழுந்த சர்வர்

நின்றுபோன சர்வர் கணினியைச் சரிசெய்ய வந்தால், அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் மேசையில் படும்படி குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். பக்கத்தில் நிற்பவர் யாராவது பொறுமையிழந்து, "எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?" என்று கேட்டால், கவிழ்ந்து கிடக்கும் கடிகாரத்தை விரலால் காட்டுவார்.

"அது தூங்குது. எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்."

கேட்டவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நகர்ந்துவிடுவார். விழுந்து கிடக்கும் சர்வருக்கு முன்னால் வேறெதற்கும் இடமில்லை. கொண்டுவந்து வைக்கிற காபிக்கும் அதே கதிதான். இயந்திரம் எழுந்து உட்காரும்வரை அதைத் தொடமாட்டார். பதினெட்டு வருட உத்தியோகத்தில் அவர் சூடாகக் குடித்த காபிகளை எண்ணிவிடலாம்.

வயது நாற்பத்தேழு. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சால்வை, ஒரு நீண்ட நோட்டு, நீல மைப் பேனா. சால்வை எதற்கென்றால், சர்வர்கள் குளிரில் வாழும் ஜீவன்கள். அவற்றின் அறைக்குள் பத்து நிமிடம் இருந்தால் நமக்குப் பல் தந்தியடிக்கும். மருத்துவமனை, பள்ளிக்கூடம், புத்தகக் கிடங்கு என்று இருபத்தைந்து இடங்களின் டேட்டாபேஸ்களை, அதாவது தகவல் பெட்டகங்களை, அவருடைய கம்பெனி பராமரிக்கிறது. எங்கே எது விழுந்தாலும் அழைப்பு அவருக்குத்தான். எல்லா இடத்திலும் அவருக்கு ஒரே பட்டப்பெயர்: விசாரணையக்கா.

வந்ததும் கீபோர்டைத் தொடாமல் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுல்ல? அப்போ நடுவுல யாரு வந்தா?"

வீட்டிலும் இதேதான். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும், குளியலறைக் குழாய் சொட்டினாலும், "நடுவுல யாரு வந்தா?" கல்லூரியில் படிக்கும் மகள் அறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "நான் வரலம்மா, அப்பாவ விசாரி!" மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் இருபத்திரண்டு வருடமாக அடிபட்டுத் தேறியவர். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்: "எங்க வீட்டம்மா கிட்ட என்ன பொய் வேணா சொல்லலாங்க. நேரத்த மட்டும் சொல்லிடக் கூடாது. சொன்னா மாட்டிக்கிட்டோம்."

உண்மைதான். அக்காவுக்கு எல்லாம் நேரத்தில்தான் பிடிபடும். எது எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை நொடிக்கு விழுந்தது என்று சர்வர் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். அங்கிருந்து நூல் பிடித்துப் போவார். போய்ச் சேர்ந்ததும் நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதுவார். இடம், தேதி, நேரம், கடைசிக் கட்டத்தில் காரணம். முந்நூறுக்கு மேல் வரிகள் ஆகிவிட்டன. சாப்பாட்டு வேளையில் சிலவற்றை வாசித்துக் காட்டிப் பெருமைப்படுவதும் உண்டு. யார் யாரோ செய்த பிழைகள். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவருடைய பெயர் மட்டும் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவர் போனது ஒரு சிறுநீரகச் சுத்திகரிப்பு மையத்துக்கு. வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறவர்களின் இடம். யார் எந்தப் படுக்கை, யாருக்கு எந்த அளவு மருந்து என்கிற பட்டியல் முழுவதும் டேட்டாபேஸில் இருந்தது. மூன்று வாரமாக, செவ்வாயும் வெள்ளியும், ரிசப்ஷனில் இருப்பவள் இரண்டாவது சுற்றுக்கான பட்டியலை எடுக்கப் பொத்தானை அழுத்துவாள், டேட்டாபேஸ் படுத்துவிடும். ஆறு முறை ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் நோயாளிகள் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேலாளர் கெட்டவர் அல்ல. ஆனால் தலைமை அலுவலகம் காரணம் கேட்டது. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினார்: "ஊழியர் பட்டியல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால்." பதிலும் வந்துவிட்டது. ரிசப்ஷன் பெண்ணைக் கீழ்த்தள மருந்துக் கிடங்குக்கு மாற்றும் கடிதம் அவர் மேசைமேல் கண்ணாடி உருண்டைக்கு அடியில் இருந்தது. அன்று பன்னிரண்டு மணிக்கு அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"பதினோரு வருஷம்க்கா இந்த நாற்காலி" என்றாள் ரிசப்ஷன் பெண். அழுது முடித்த முகம். "யாருக்கு ஊசின்னா பயம், யாருக்கு ஜன்னலோரம் வேணும், எல்லாம் எனக்குத் தெரியும். கீழ போய் அட்டைப் பெட்டிங்க முகத்தையா பாத்துக்கிட்டு இருப்பேன்? பாருங்க, இப்போல்லாம் பொத்தான இப்படித்தான் அழுத்தறேன்." சுட்டுவிரலை மடக்கி, முட்டியின் நுனியால், தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொட்டுக் காட்டினாள். "அப்படியும் விழுது."

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், இரண்டாவது சுற்று நோயாளி, குரலை உயர்த்தினார். "கைய வெச்சுடாதம்மா தாயே! எனக்கு இன்னைக்குச் சாயங்காலம் பேத்தி வீட்டுக்குப் போகணும்."

"நீங்க வேற, எரியறதுல எண்ணெய ஊத்துங்க" என்றாள் அவள்.

விசாரணையக்கா கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். "தினமும் எத்தனை மணிக்கும்மா அழுத்துவே?"

"பத்து நாப்பது. பதினோரு மணிச் சுற்றுக்கு அப்போ எடுத்தாத்தான் சரியா இருக்கும்."

"சரி. இன்னைக்கு அந்தப் பட்டியல இப்பவே எடுத்து அச்சடிச்சு வெச்சிடு. பத்து நாப்பதுக்கு நீ ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு உக்காரு. எதையும் தொடாதே."

"விழலைன்னா என்னைத்தானேக்கா சொல்வாங்க?"

"விழுந்தா?"

அவள் அச்சுப்பொறியின் பக்கம் திரும்பினாள்.

பத்து முப்பத்தெட்டுக்கு மேலாளரும் வந்து நின்றார். ரிசப்ஷன் பெண் விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள். தபால்காரர்கூட இருமலை அடக்கிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் எட்டின்மேல் வந்து நின்றது. சில நொடிகள் போயின. கோத்த விரல்கள் கோத்தபடி இருக்க, திரையில் பட்டியல் மறைந்து, "இணைப்பு இல்லை" என்ற சிவப்பு எழுத்து வந்தது.

"நான் தொடல" என்றாள் அவள், முதலில் மெதுவாக. பிறகு அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், பாத்தீங்கல்ல? நான் தொடவே இல்ல!"

தபால்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

மேலாளர் மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சந்தோஷம்தான். ஆனா மேல இருக்கறவங்க கைதட்டல ஏத்துக்க மாட்டாங்க மேடம். காரணம்னு ஒண்ணு வேணும். பன்னெண்டுக்குள்ள காகிதத்துல வேணும்."

குளிர் அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அக்கா பதிவேட்டைத் திறந்தார். அவர் எதிர்பார்த்த வரி அங்கே இருந்தது. பத்து மணி நாற்பது நிமிடம் பதினேழு நொடி. நினைவகம் போதவில்லை, டேட்டாபேஸ் நிறுத்தப்பட்டது.

இதை எல்லோருக்கும் விளக்க அவரிடம் ஒரு சமையலறை உண்டு. "சர்வரோட நினைவகம்ங்கறது சமையல் மேடை. டிஸ்க்குங்கறது அலமாரி. அலமாரி எவ்வளவு பெருசா இருந்தா என்ன? வெட்டறது, அரைக்கறது எல்லாம் மேடையிலதான். மேடையில இடம் இல்லாமப் போச்சுன்னா மெஷின் என்ன பண்ணும் தெரியுமா? இருக்கறதுலயே பெரிய பாத்திரம் எதுவோ அதத் தூக்கித் தரையில போட்டுடும். பெரிய பாத்திரம்னா எது? ஊருக்கே சமைக்கற பாத்திரம். டேட்டாபேஸ். விழுந்தது யாருன்னு எழுதி வைக்கும். கடைசியா வந்து இடத்த அடைச்சது யாருன்னு சொல்லாது. அத நாமதான் தேடணும்."

தேடினார். கால அட்டவணைப்படி தானாக ஓடும் வேலைகளின் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவரின் விரல், ஏழாவது வரியில் நின்றது. செவ்வாய், வெள்ளி, காலை பத்து நாற்பது. அந்த வரிக்கு மேலே யாரோ தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள்: "சோதனைக்கு மட்டும். வெள்ளிக்குப் பிறகு எடுத்துவிட வேண்டும்."

யாரோ அல்ல. அடியில் அவருடைய முதலெழுத்துகள்.

நான்கு மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக் காலை ஒன்று அப்படியே எழுந்து வந்து எதிரில் நின்றது. மையத்தின் தலைமை மருத்துவர் ஒரு வருடச் சிகிச்சைப் பதிவுகளின் வரைபடம் கேட்டிருந்தார். அதற்கு ஒரு சின்னக் கணினி நிரல் எழுதி, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அப்போதைய நேரத்துக்கு ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டார். அப்போது மணி பத்து முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை வேறெங்கோ ஒரு சர்வர் விழுந்தது, ஓடினார். மருத்துவரும் வரைபடத்தை மறந்துபோனார். நிரல் மட்டும் மறக்கவில்லை. வாரம் இரண்டு முறை, யாருமே கேட்காத ஒரு படத்தை வரைவதற்காக, ஒரு வருடப் பதிவுகளை அள்ளி அந்தச் சின்ன மேடையில் கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் மையத்துக்கு நான்கு புதிய சுத்திகரிப்பு இயந்திரங்கள் வந்தன, பதிவுகள் பெருகின, மேடை நிரம்பியது.

நடுவில் யார் வந்தது?

கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. அந்த வரியை இப்போதே அழித்துவிட்டால், இந்த உலகத்தில் ஒரு ஈ, எறும்புக்குக்கூடத் தெரியப்போவதில்லை. மனம் அதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. சொல்லாது என்று யார் சொன்னார்கள்? அவரும் மனுஷிதானே.

வேலையை முதலில் முடித்தார். அந்த நிரலை நிறுத்தினார். டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கொஞ்சம் குறைத்து, மற்றவற்றுக்கு மூச்சுவிட வழி செய்தார். ஒரே சமயத்தில் எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்தார். அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து, அவசரத்துக்கு மேடையாக்கி வைத்தார். அங்கே வேலை மெதுவாக நடக்கும், ஆனால் பாத்திரம் தரையில் விழாது. டேட்டாபேஸ் எழுந்து உட்கார்ந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஆறிய காபியை ஒரே மூச்சில் குடிப்பார். இன்று அது ஏடு படிந்து அப்படியே இருந்தது.

கணவருக்கு போன் செய்தார். "என்னங்க, நடுவுல வந்தது நான்தான்."

கடையில் யாரோ பார்வைச் சோதனைக்கு எழுத்துகளை வாசிக்கும் சத்தம் கேட்டது. கணவர் கேட்டார்.

"நேரம் எழுதியிருக்கா?"

"பத்து நாப்பது. பதினேழு நொடி."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "போய் ஒத்துக்கோ. சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மேலாளர் அறைக்குப் போகும் வழியில் ரிசப்ஷன் மேசையில் நின்று, கவிழ்த்து வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "உன் விரல் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நாலு மாசம் முன்னாடி நான் ஒண்ண ஓட விட்டுட்டு மறந்துட்டேன். அதுதான் தள்ளி விட்டிருக்கு."

அவள் விழித்தாள். கோபம் வரவேண்டிய இடம். வந்தது. "மூணு வாரமா நான் தூங்கலக்கா. தெரியுமா உங்களுக்கு?"

"இப்போ தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ பொத்தான நல்லா அழுத்தலாமா?"

"குத்து. ஒண்ணும் ஆகாது."

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுவரில் மணி பதினொன்று ஐம்பது. "மேடம், ரொம்ப யோசிக்காதீங்க. நெரிசல்னு ஒரு வார்த்த போட்டுடுங்க. நான் அனுப்பிடறேன். யாருக்கும் தொல்லை இல்ல."

"நெரிசல்னு போட்டா அந்தம்மா என்ன ஆவாங்க?"

"அவங்க அழுத்தறதும் நெரிசல்ல ஒரு பங்குதானேன்னு மேல கேப்பாங்க. கடிதம் போகத்தான் செய்யும். நான் என்ன பண்ண?"

அக்கா துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அன்றைய பக்கத்தைத் திறந்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். நீல மை இன்னும் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. கடைசிக் கட்டத்தில், அழுத்தமான எழுத்தில், தன் முழுப் பெயரையும் எழுதியிருந்தார்.

மேலாளர் படித்தார். இன்னொரு முறை படித்தார். முகம் சிவந்தது. கண்ணாடி உருண்டையை நகர்த்தி, அடியில் இருந்த கடிதத்தை உருவி, நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"உக்காருங்க மேடம்" என்றார். "உங்ககிட்ட நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

விசாரணையக்கா உட்கார்ந்தார். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினார். அதை அவருடைய மேசைமேல், முகம் கீழே படும்படி, மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.