மேல் வீட்டுக் கால்

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வேன் அக்காவின் இடது கை கியர்த் தண்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு என்று நான்கு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அழுந்தி எழுகின்றன. எழும் விரல் ஒரு நூல் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவள் சட்டம். சுண்டு விரல்தான் சோம்பேறி. அதைப் பார்த்து, "உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா?" என்று கேட்கிறாள். பின்னால் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பச்சை விழுந்தும் வண்டி நகராவிட்டால், "அக்கா, பச்சை" என்று அவர்களே குரல் கொடுக்கிறார்கள். "தெரியும். என்ன அவசரம், பரீட்சைக்கா போறீங்க?" என்பாள். பரீட்சை நாளிலும் அதையேதான் சொல்வாள்.

வயது நாற்பத்து மூன்று. காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை பள்ளி வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் கொண்ட ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் ஓடும் தடித்த நாதம். வரவேற்புகளிலும் கம்பெனி ஆண்டுவிழாக்களிலும் வாசிக்கிற குழு. மேடையில் அவளைப் பார்க்கிறவர்களுக்கு அவள் என்ன செய்கிறாள் என்பதே பிடிபடுவதில்லை. ஒருமுறை ஒரு பெண்மணி வந்து, "நீங்க எப்ப பாடுவீங்க?" என்று அன்பாக விசாரித்தார். "பாடுறவங்க கீழ விழாம பார்த்துக்கறது என் வேலை" என்று பதில் வந்தது.

அந்த வேலை அவளுக்கு யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததல்ல. முதலில் குழுவின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வண்டிக்காரியாகத்தான் வந்தாள். ஒத்திகை முடியும்வரை காத்திருக்கும் நேரத்தில், சுவரில் சாய்த்திருந்த பாஸைத் தொட்டுத் தொட்டுப் பழகினாள். அதை வாசித்தவர் வேறு ஊருக்குப் போனபோது, யாரைப் போடலாம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவள் பாட்டுக்கு எழுந்து வாரை மாட்டிக்கொண்டாள். பதினோரு வருடம் ஆயிற்று, இன்னும் கழற்றவில்லை.

சொந்தமாக ஒன்று வாங்கப் போன கதையைக் கேட்க வேண்டும். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "சாருக்கா, மேடம்?" என்றார். "சாருக்கு வேட்டி வாங்கினா சாரைக் கூட்டிட்டு வருவேன். இது எனக்கு." அவர் சுதாரித்துக்கொண்டு, கழுத்துக் குட்டையாக, ரோஸ் நிறத்தில் ஒன்றைக் காட்டினார். கை சின்னதாக இருப்பவர்களுக்குத் தோதாம். "பன்னெண்டு சீட்டு வண்டிய ஒடிச்சுத் திருப்புற கைங்க இது" என்று அதை நகர்த்தினாள். ஐந்து தந்தி வைத்தது புதிதாக வந்திருக்கிறது என்றார். "நாலையே நான் இன்னும் முழுசா வாசிச்சு முடிக்கல."

கடைசியில், முன்பு யாரோ வைத்திருந்து, முழங்கை உரசும் இடத்தில் பெயிண்ட் போயிருந்த கறுப்பு நான்கு தந்தியை மடியில் வைத்துக்கொண்டாள். மின்சாரத்தில் சொருக விடவில்லை. "ஆம்ப்ல போட்டா எல்லாக் கழுதையும் குதிரையாத்தான் கேக்கும்" என்றாள். கிட்டாரின் உடலில் கொம்பு போல நீண்ட மேல் முனையைத் தாடை எலும்போடு அழுத்திக்கொண்டு, தடித்த தந்தியில் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே போனாள். எலும்பு வழியாகக் கேட்டால் மரம் பொய் சொல்லாது என்பது அவள் கண்டுபிடிப்பு. ஒரு மணி நேரம் இப்படியே. கடைக்காரர் பொறுமை இழந்து விளக்கை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்த பிறகுதான், "இதையே கட்டுங்க" என்றாள்.

கூடவே ஒரு மெட்ரோனோமும் தந்தார்கள். டிக் டிக் என்று தாளம் காட்டும் பெட்டி. ஒரு மாதத்தில் அது அலமாரியின் கீழ்த் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "அது பின்னாடி போகுது" என்றாள். பெட்டி எப்படிப் பின்னால் போகும் என்று கணவர் கேட்டார். "கேட்டுப் பாருங்க, நான் வேகமா போனா அது பின்னாடிதானே போகுது" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். நாள் முழுக்க மனிதர்கள் எழுத்தைத் தப்பாகப் படிப்பதைக் கேட்டுக்கேட்டுப் பொறுமை வளர்ந்தவர். 

இந்த அகந்தைக்கு ஒருநாள் பரீட்சை வந்தது. பெரிய அரங்கம் ஒன்றில் நிகழ்ச்சி கிடைத்திருந்தது. ஒத்திகையில் குழுத் தலைவர் ஒரே பாட்டை நான்கு முறை நிறுத்தினார். இரண்டாவது சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில் வேகம் ஏறுகிறது என்றார்.

"டிரம்ஸைக் கேளுங்க சார்" என்றாள் இவள்.

"நான் உன்னைத்தாம்மா கேக்கறேன். பதினஞ்சு நாள்ல அந்த இடம் நிதானத்துக்கு வரணும். வரலேன்னா கீபோர்டோட இடது கை பாஸைப் பார்த்துக்கட்டும். நீ பழையபடி வண்டிய மட்டும் பார்த்துக்க."

அவர் கெட்டவர் அல்ல. ஆனாலும் பழையபடி என்ற அந்தச் சொல் அவளைச் சுட்டது. பதினோரு வருடத்தை ஒருவர் ஒரே வாயில் துடைத்துவிட்டார். வீடு வரும்வரை ஹாரனைவிட்டுக் கை எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பயிற்சி இரட்டிப்பாயிற்று. காலை நடைகள் முடித்து வந்ததும் பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை, கட்டைக் குதிகால் வைத்த செருப்புடன் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வாள். அதே பாட்டு, அதே இடம். முதலில் பாதி வேகத்தில் இருபது முறை, பிறகு முழு வேகத்தில். ஒரு சுரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று வலது கைக் கட்டைவிரலால் தந்தியை அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள். ஹெட்ஃபோனுக்கு வெளியே கேட்பது விரல் படும் சின்ன டக் டக் மட்டும்தான்.

ஆனால் கீழ் வீட்டிலிருந்து குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் போயிருந்தது. மேல் வீட்டில் இசைக்கருவி தொல்லை என்று. செயலாளர் விசாரணைக்கு வந்தார். வேன் அக்கா ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டித் தந்தியை ஒரு இழுப்பு இழுத்தாள். மனிதர் துள்ளி விழுந்தார். கழற்றினார். நிசப்தம். "எங்கங்க சத்தம்? எழுதிக் குடுத்துட்டுப் போங்க, சத்தம் இல்லன்னு" என்று கையெழுத்தே வாங்கிவிட்டாள்.

அதற்கு மறுநாள் கீழ் வீட்டுக்காரர் தானே மேலேறி வந்தார். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி வேலை பார்க்கும் நர்ஸ். காலை ஒன்பதுக்குப் படுத்து இரண்டுக்கு எழுந்திருக்க வேண்டிய மனிதர், பதினொன்றுக்குச் சிவந்த கண்ணோடு நின்றார்.

"அக்கா, சண்டைக்கு வரல."

"வந்தாலும் பரவாயில்ல. செயலாளர் கையெழுத்து இருக்கு."

"சத்தம் இல்லக்கா. இடி. என் தலைக்கு நேர் மேல டம், டம்னு. அது ஒரே மாதிரி அடிச்சா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன். வார்டுல ராத்திரி பூரா மிஷின் அடிக்குது. ஆனா இது ஒரு இடத்துல வேகம் எடுக்குது. பேஷன்ட்டுக்கு அப்படி எடுத்தா நான் எழுந்து ஓடணும். உடம்பு அதுக்கே பழகிப்போச்சு. தானா முழிச்சிக்குது."

"எங்க எடுக்குது?"

அவர் கதவு நிலையில் விரலால் தட்டிக் காட்டினார். நிதானமாக வந்தது, நிதானமாக வந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவது சரணம் முடியும் இடம், அட்சரம் பிசகாமல்.

"பாட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

"பாட்டு எங்கக்கா கேக்குது எனக்கு?"

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.  கதவைச் சாத்திவிட்டாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது அழுகையாக வந்தது, அழவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கால், பழக்க தோஷத்தில் இங்கே தாளம் போடும்போதும் மிதித்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. மறுநாள் கீழே போய், "உங்களுக்கு என்னைக்கு லீவு?" என்றாள். புதன் என்றார். "புதன் பத்து மணிக்குப் படுத்துக்கிட்டே கேளுங்க. எங்க ஏறுதோ அங்க துடைப்பக் கட்டையால மேல தட்டுங்க. மத்த நாள்ல கால் தரையில படாது."

"லீவு அன்னைக்கும் டூட்டியாக்கா?"

"உங்களுக்குத் தூக்கம் வேணுமா, வேணாமா?"

முதல் புதன்கிழமை பதினேழு தட்டு. ஒன்பதாவது தட்டுக்கு ஜன்னல் வழியாகக் குனிந்து, "அது ஏறல, நீங்க தட்டினதாலதான் ஏறிச்சு" என்று சத்தம் போட்டாள். பதிலுக்கு இன்னொரு தட்டு வந்தது.

மற்ற நாட்களில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தாள். கால் இல்லாமல் தாளத்தை எங்கே வைப்பது என்றே முதலில் தெரியவில்லை. தாடைக்குப் போயிற்று, பல் வலித்தது. தோளுக்குப் போயிற்று, கணவர் "சுளுக்கா?" என்று கேட்டார். நாலாம் நாள் எங்கோ அடிவயிற்றுப் பக்கம் அமர்ந்தது. அங்கே அது ஓடவில்லை.

அடுத்த புதன் மறுபடி கட்டைச் செருப்பு, மறுபடி தரை. மூன்று சுற்று முடிந்தும் ஒரு தட்டு இல்லை. ஆள் ஏமாற்றுகிறார் என்று தோன்றிவிட்டது. கீழே இறங்கிப் போனால், கதவு ஒருக்களித்திருக்க, துடைப்பம் மார்பின் மேல் கிடக்க, நர்ஸ் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிவிட்டாள்.

"தூங்கினா எப்படித் தட்டுவீங்க?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஏறியிருந்தா முழிச்சிருப்பேன்க்கா."

அந்தச் சனிக்கிழமை மாலை ஒத்திகை அறையில் கெடு முடிந்தது. கீபோர்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று இடது கையில் பாஸை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஆம்ப் பெட்டியின் மேல் ஏறி, இரண்டு காலையும் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாஸை மடியில் இருத்திக்கொண்டாள்.

"என்னம்மா இது, பஜனையா?" என்றார் தலைவர்.

"நீங்க எண்ணுங்க சார்."

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணம் முடிந்தது. பல்லவி திரும்பும் இடத்தில் வேகம் ஏறியது.

தலைவரின் கண் பழக்கப்படி அவள்மேல்தான் பாய்ந்தது. அவள் விரல்கள் போட்ட இடத்திலேயே போட்டுக்கொண்டிருந்தன. ஏறியது டிரம்ஸ். பதினோரு வருடமாக அந்த இடத்தில் அவளோடு சேர்ந்து ஓடிப் பழகிய கைகள், இன்று அவள் இல்லாமலே ஓடின. பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் தடுமாறினார். கீபோர்டு டிரம்ஸோடு போயிற்று. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முன்பு என்றால் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்போது டிரம்ஸ்காரரை நேராகப் பார்த்தபடி தன் தாளத்தில் அமர்ந்திருந்தாள்.

பிறகு மடித்த வலது காலை மட்டும் மெல்லப் பிரித்துக் கீழே இறக்கி, தாளம் எங்கே விழ வேண்டுமோ அங்கே, வெறும் குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். டிரம்ஸ் திரும்பி வந்து அதில் சேர்ந்துகொண்டது. அவள் காலை எடுத்து மறுபடியும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.