பெரிய கதவு திறந்த நாள்

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் மாடி அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தபோது, வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். சுவர் இரண்டடி கனம், வெயில் இறங்காது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது. அலுவலக வண்டி தெருமுனைக்கே வரும். குறைகள் என்ற பக்கத்தில் எழுத எதுவும் தோன்றவில்லை.

நான் கடலோரத்தில் மீன் இறங்குதளங்கள் கட்டும் நிறுவனத்தில் பொறியாளர். பகல் முழுக்கத் திருப்பாலைக்குடியில் உப்புக்காற்று தின்ற கம்பிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் தேக்குத் தூண்கள் நிற்கும் அந்த வீட்டுக்குத் திரும்புவது பெருமையாகவே இருந்தது. தெருவில் எல்லாமே நூறு வருஷத்தைத் தாண்டிய வீடுகள். உள்ளே கார் நிற்கும். வெளியே ஆள் நிற்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். தெருவைப் பார்த்த பெரிய கதவு, சென்னையிலிருந்து வீட்டுக்காரர் வரும்போது மட்டும் திறக்கும். மற்றவர்களுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கதவு. அவர் மனைவி, வீட்டுக்கார அம்மா, கீழ்த்தளத்தில் இருக்கிறார். வீட்டுக்காரரைத் தெருவே 'அய்யா' என்றுதான் சொல்லும். கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் அய்யா என்றால் அப்பா. இதையும் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து எங்கள் அய்யா சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். போனில், "பாப்பா, தெருவுக்குள்ள வந்துட்டேன். இங்கன எல்லா வீடும் ஒண்ணு போல இருக்கு" என்றார். நான் படியில் இறங்கிக்கொண்டே சமையல்கார அக்காவிடம், "அக்கா, அய்யா வந்துட்டாக!" என்றேன்.

"அம்மா! அய்யா வந்துட்டாகளாம்! ஒரு போனுகூடப் போடாம!" என்று அக்கா உள்ளே பார்த்துக் கத்தினார். வீட்டுக்கார அம்மா சேலையைச் சரிசெய்தபடி வந்தார். தோட்டக்காரர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். நான் விளக்குவதற்குள் பெரிய கதவு இரண்டு பக்கமும் திறந்துவிட்டது. நடந்து வந்துகொண்டிருந்த அய்யா, சத்தம் கேட்டு அப்படியே நின்றார். தலையில் மிளகாய் மூட்டை.

"காரு எங்க? அய்யா எங்க?" என்று அக்கா தெருவை எட்டிப் பார்த்தார்.

"எந்த அய்யா? எனக்கா இம்புட்டுப் பெரிய கதவத் தெறந்தீக?" என்று அய்யா சிரித்தார்.

வீட்டுக்கார அம்மா என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இவர்?"

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. எங்க அய்யா. நான் சொன்னது: "ஊர்லேருந்து மிளகாய் கொண்டு வந்திருக்காங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்போது அதை நினைத்து ஆறுதலும் பட்டுக்கொண்டேன்.

அய்யா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. "ஆமாங்கம்மா, மூடை கொண்டாந்த ஆளுதான். எங்கன எறக்கட்டும்?"

"பின்பக்கம் வெச்சிடுங்க."

சந்து வழியாகச் சுற்றிப்போய்க் கிணற்றடியில் இறக்கினார். பின்னாலேயே போய், சாப்பிட வாங்க என்றேன். யாருக்கும் கேட்காத குரலில்தான் கூப்பிட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுத்தா. மிளகாய வெயில்ல காயப்போடு, ஈரம் இன்னும் போகல" என்றவர், முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு சின்னக் கதவு வழியாக வெளியேறினார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கார அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பதறிப்போனார். "அன்னைக்கே சொல்லக் கூடாதா? உள்ளே உட்காரவெச்சுச் சாப்பாடு போட்டிருப்பேனே!" அவர் ஏதாவது முகம் சுளித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பழியில் பாதியை அவர்மேல் போட்டிருப்பேன்.

அன்றே அய்யாவைப் போனில் அழைத்தேன். "வீட்டுக்கார அம்மாகிட்டச் சொல்லிட்டேன்ய்யா, நீங்கதான் எங்க அய்யான்னு."

"அவுகளுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்னத்தா" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்.

இரண்டு வருஷமாக மூட்டை மட்டும்தான் பஸ்ஸில் வருகிறது. பேருந்து நிலையத்துக்குப் போய் இறக்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் போனில் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறேன், இப்போது எல்லோருக்கும் கேட்கும் குரலில். போன வாரமும் கூப்பிட்டேன்.

"வரலாம்தான்" என்றார் அய்யா. "நான் வந்தா பெரிய கதவத் தெறக்கணும்ல. அவுகளுக்கு எதுக்குச் சிரமம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.