பெங்களூருக்குப் போன முதல் கால்

அப்பாவுக்குப் பெங்களூரில் வயிற்று ஆபரேஷன் நடந்த அன்று, நானும் அம்மாவும் ஓசூர் போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் டிரங்க் காலுக்காகக் காத்துக் கிடந்தோம். அறுபதுகளின் கடைசி அது. அதுவரை பெங்களூர்ச் சேதியெல்லாம் எங்களுக்கு பஸ்ஸில்தான் வரும். தெரிந்தவர் யாராவது சாயங்காலம் இறங்கி வந்து சொல்ல வேண்டும். இந்தத் தடவை போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடையில் போன் இருந்தது. ஆபரேஷன் முடிந்ததும் அங்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தான்.

அப்பா சாதாரணமாகப் போகவில்லை. கன்றுக்குட்டியை விற்றுவிடலாம் என்று அம்மா சொல்லப் போக, பஸ் படியில் நின்றுகொண்டே அவளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் போனார். அந்தச் சண்டைதான் கடைசிப் பேச்சாகிவிடுமோ என்று அம்மா பெஞ்சில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே இருந்தாள்.

டைப்ரைட்டிங் படிக்கிற திமிர் எனக்கு. போனில் நான்தான் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். மணி அடித்து, கிளார்க் ரிசீவரை நீட்டியதும் அம்மா முந்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கன்னடத்தில் கத்த ஆரம்பித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ் மட்டும்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆளுக்குத் தகுந்த பாஷை பேசுவது வழக்கம். பக்கத்து வீட்டில் தெலுங்கு, ராகி வாங்க வரும் வியாபாரியிடம் கன்னடம். எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகிற கம்பியில் கன்னடம்தான் போகும் என்று அம்மா தானாகவே முடிவு செய்துவிட்டாள். அவர் எப்படி இருக்கிறார் என்று அவள் கத்தியதில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. உடனே அவள் முகம் மாறியது.

"உங்க அண்ணன் குரலுதான். என்னமோ சொல்லிட்டு டக்குனு வெச்சிட்டான். சொல்ல வாய் வரல அவனுக்கு. போயிட்டாருடி" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் வருகிற சேதியாக இருந்திருந்தால் சாயங்காலம் வரையாவது அப்பா இருந்திருப்பார். கிளார்க்கிடம் சண்டைக்குப் போகாத குறையாக மறுபடி கால் போடச் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது. அண்ணன்தான் எடுத்தான். எடுத்ததும் எங்களைத்தான் கோபித்துக்கொண்டான், ஏன் இவ்வளவு நேரம் என்று. யாரோ ஒரு கன்னடக்காரம்மா மருந்துக்கடைக்குப் போன் செய்து, லைன் இரைச்சலுக்கு நடுவே கத்தினாளாம். எங்கள் கால் வந்துவிடுமே என்று, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டானாம்.

அது அம்மா என்றேன். பிறகு, அப்பா நல்லா இருக்காரு, கண் முழிச்சிட்டாரு என்றான்.

அம்மா என்னை நம்பவில்லை. நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். எழுந்து வந்து ரிசீவரை வாங்கி, இந்தத் தடவை தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணு முழிச்சதும் மொதல்ல என்னடா பேசுனாரு?"

நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"கன்னுக்குட்டிய குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஓட்டிட்டாளான்னு கேட்டாரும்மா."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அப்ப அவருதான்" என்றாள். "கன்னு கொட்டாயிலதான் இருக்குதுன்னு சொல்லு."