உரிக்காத பொலித்தீன்

பேய்க் கதை எடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். பதினான்கு வருடமாக வீடுகளுக்குத் திருட்டு அலாம் பூட்டுகிறேன், ஆளில்லாத வீட்டில் சைரன் கத்தினால் பல்லி, எலி, தளர்ந்த வயர், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம், நாலாவது காரணத்தை நான் கண்டதே இல்லை. இப்போதும் பேயை நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. எனக்கு இருப்பது கோபம். கேட்டுவிட்டுச் சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு வீடு. ஹாபரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் அங்கே காலமானார். கடைசிப் பதினொரு வருடம் அவரைத் தூக்கி இருத்திச் சோறூட்டிப் பார்த்தது மகள் வசந்தி அக்கா. செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்த மகன், எட்டாம் நாள் படையல் முடிந்த கையோடு, வீடு தன் பெயரில் என்று சொல்லி அக்காவை வெளியே அனுப்பிவிட்டார். அந்த மனுஷனின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கனடாக்காரர் என்றே சொல்கிறேன். இதெல்லாம் வேலைக்குப் போகும்போது எனக்குத் தெரியாது, கள்ளர் பயம் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்.

குசினிக் கதவில் ஒரு காந்த சுவிட்ச், நடையில் ஒரு சென்சர், ஐயாவின் அறையில் இன்னொன்று, குசினிச் சுவரில் இலக்கம் அழுத்துகிற கீபேட். புதுக் கீபேட்டின் முகத்தில் மெல்லிய பொலித்தீன் ஒட்டியிருக்கும், நான் உரிக்கப் போனேன், "விடும், புதுசாக் கிடக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இந்த வியாதி உண்டு, குந்துகிற கதிரை உடைந்தாலும் அதன் பொலித்தீன் கழலாது. ரகசிய இலக்கத்தை, என்னை மற்றப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, அவரே அழுத்தி வைத்தார். வேறு யாருக்கும் இலக்கம் போடவில்லை.

கதவுப் பூட்டை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். தங்கச்சியிடம் குசினிக் கதவுத் திறப்பு இருக்கிறதாம், அப்பாவின் அறையில் விளக்கு வைக்க விடியவே வருவாளாம், வரட்டுமாம், சைரன் கத்தி அயல் முழுக்கக் கூடட்டுமாம், கள்ளி என்று பெயர் எடுத்தால் பிறகு இந்தப் பக்கம் தலை காட்டமாட்டாளாம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, உயிர் போன அறையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் விளக்கு எரிய வேண்டும், செம்பில் தண்ணீர் இருக்க வேண்டும். அதைச் செய்ய வருகிற பிள்ளைக்குப் பொறி வைக்கத்தான் நான் காலையிலிருந்து ஏணியில் நின்றிருக்கிறேன். எனக்கு உச்சி கொதித்தது. ஆனாலும் கடைசி ஆணியை இறுக்கி முடித்தேன்.

வெளியே வந்தபோது படலையடியில் வசந்தி அக்கா நின்றார். "தம்பி, அதை நிப்பாட்டுற நம்பர் ஒண்டு உங்களிட்டயும் இருக்கும்தானே? முப்பத்தொண்டு வரைக்கும் தந்தாப் போதும்."

இருந்தது. பூட்டுகிறவனுக்கென்று எல்லாப் பெட்டியிலும் ஓர் இலக்கம் உண்டு. ஏலாது அக்கா, தொழிலில் அப்படிச் செய்யக்கூடாது என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த நாள் கனடாக்காரர் நிலாவெளி ஹோட்டலிலிருந்து கத்தினார், வீட்டில் ஏசி இல்லையென்று அங்கேதான் தங்கியிருந்தார். காலையில் வந்து பார்த்தாராம், அறையில் விளக்கு எரிகிறதாம், சைரன் அடிக்கவில்லையாம், நான் பூட்டியது குப்பையாம். போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தால் காது கிழியக் கத்துகிறது, சென்சர் இரண்டும் விரலசைத்தால் பிடிக்கிறது. யாருடைய இலக்கத்தில் நின்றது என்று பெட்டி குறித்து வைக்கும், அந்தப் பதிவைப் பார்த்தால், காலை ஆறே முக்காலுக்கு நாலாவது ஆள் இலக்கம் அழுத்தி நிறுத்தியிருக்கிறார். என் இலக்கத்தை விட்டால் அந்தப் பெட்டியில் இருந்ததே ஒரே ஓர் ஆள்! நாலாவதை அழித்தேன். மறுநாளும் ஆறே முக்கால், மறுபடி அதே நாலாவது ஆள்.

"நீர்தான் அவளுக்கு நம்பர் குடுத்தனீர்" என்று தெருவில் வைத்துச் சொன்னார். அயல் முழுக்க மதிலுக்கு மேலால் பார்த்தது. கொடுக்க மாட்டேன் என்று அந்த மனுஷியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்த எனக்கு இந்தப் பெயர். நாளைக்கு நீங்களும் வாருங்கள், இரண்டு பேரும் இருந்து பார்ப்போம் என்றேன்.

மூன்றாம் நாள் விடிய ஆறு மணிக்கே குசினிக்குள் போய், கதவைப் பூட்டி, அவரே அலாமைப் போட்டார். குசினிக்குள் சென்சர் இல்லாததால் நாங்கள் இருக்கலாம். நான் கீபேட்டுக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி நின்றேன். நல்ல வெளிச்சம், ஜன்னலால் வெயில் விழுகிறது. பேய் இருட்டில் வரும் என்று சொல்கிறவர்களை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆறே முக்காலுக்கு, என் கண்ணுக்கு முன்னால், கீபேட்டில் இரண்டு என்ற பொத்தானுக்குக் கீழே வெளிச்சம் வந்து அணைந்தது. பிறகு ஏழு. பிறகு ஒன்று. ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், ஆள் அவசரமில்லாமல் அழுத்துகிற மாதிரி. சிவப்பு பச்சையானது.

அதற்குப் பிறகுதான் வெளியே பூட்டில் திறப்புத் திரும்புகிற சத்தம் கேட்டது. வசந்தி அக்கா வந்தார், ஒரு கையில் செம்பு, மறு கையில் தேத்தண்ணிப் போத்தல். சைரன் அடித்தால் அடிக்கட்டும், விளக்கு அணையக்கூடாது என்று மூன்று நாளும் துணிந்துதான் வந்திருக்கிறார். இரண்டு ஏழு ஒன்று ஆறு என்று மட்டும் சொன்னேன்.

அக்கா கீபேட்டைப் பார்த்தார். "அது அப்பாட டோக்கன் நம்பர். ஹாபர் கேட்டில ஆறே முக்காலுக்கு அதைப் பதிஞ்சிட்டுத்தான் உள்ள போறவர்." பயந்த மாதிரியே தெரியவில்லை. தமையனைத் தாண்டி அறைக்குள் போய்விட்டார்.

கனடாக்காரரும் இரண்டு கண்ணாலும் பார்த்தவர். ஆனால் என்ன சொன்னார் தெரியுமா, நான் போனில் வைத்து இயக்குகிறேனாம்! அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார், அந்தியேட்டிக்குக்கூட நிற்காமல் விமானம் ஏறினார். அக்கா முப்பத்தொரு நாளும் விளக்கு வைத்து முடித்தார். கனடாக்காரர் போகும்போது தெரிந்தவர்களிடமெல்லாம் நான் இலக்கம் கொடுக்கிற ஆள் என்று சொல்லிவிட்டுப் போனதால், இப்போதும் உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால், உண்மையாகவே கொடுத்தாயா என்று கேட்கிறார்கள்.

நான் கொடுக்கவில்லை. என் கோபமே அதுதான். நான் கொடுத்திருக்க வேண்டும். என் கையில் இருந்ததை நான் பொத்தி வைத்துக்கொண்டு, செத்த மனுஷனை எழும்பி வந்து வேலை பார்க்க விட்டேன்.

அந்தக் கீபேட் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. இரண்டு, ஏழு, ஒன்று, ஆறு, இந்த நாலு இலக்கமும் முப்பது வருடம் ஒரே விரல் பட்டது போலத் தேய்ந்து போயிருக்கின்றன, மற்ற ஆறு இலக்கமும் புத்தம் புதுசு. மலிவுச் சாமான், மை அழிந்திருக்கும் என்பீர்கள். சரி, ஆனால் மேலே ஒட்டிய பொலித்தீன் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை, ஓரம் கூடக் கிளம்பவில்லை. உரித்துப் பார் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். நான் உரிக்க மாட்டேன்.