கொடுவாச் செதில்

கொடுவா மீனை ஆய்ந்துகொண்டிருந்தேன். மணிக்கட்டில் ஒட்டிய செதில் ஜன்னல் வெயிலில் மின்னியது. உடனே கடலூர் வேதக்கோயிலின் அறுப்பின் பண்டிகை கண்முன் வந்து நின்றது.

அறுபதுகளில் ஒரு வருஷம். அப்பாவின் கட்டுமரம் புயலில் சிக்கியது. ஊரே நம்பிக்கையைக் கைவிட்ட பிறகு அவர் உயிரோடு கரையேறினார். மறுபடி கடலுக்குப் போய் அவர் பிடித்த முதல் கொடுவாவை அம்மா விற்கவில்லை. வாழையிலையில் சுற்றி, தேவனாம்பட்டினத்திலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

பலிபீடத்தின் முன் முதல் விளைச்சல் காணிக்கையாக நெற்கதிரும் கரும்பும் பூசணிக்காயும் குவிந்திருந்தன. நடுவே அம்மா மீனை வைத்ததும் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயில் பணியாளர் ஓடிவந்தார்.

"நாத்தம் அடிக்குதும்மா. வேண்டுதல்னா வெளிய வச்சிட்டுப் போ."

"நான் எதையும் வேண்டிக்கவே இல்லீங்க. ஜெபம் பண்ண வாய் வரல, அழுதுக்கினுதான் கெடந்தேன். ஆண்டவராப் பாத்துத் திருப்பிக் குடுத்தாரு. எங்களுக்கு வெளைஞ்சது இதாங்க" என்றாள் அம்மா.

போதகர் இறங்கி வந்து, அந்த மீனை இரண்டு கைகளாலும் தூக்கிப் பலிபீடத்தின் மேலேயே வைத்தார். கடைசியில் ஆசீர்வதிக்க அவர் கைகளை உயர்த்தியபோது வெள்ளை அங்கியில் செதில்கள் மின்னின. கோயிலே திரும்பிப் பார்க்கும்படி அம்மா பாடினாள்.

மணிக்கட்டுச் செதிலை நான் கழுவவில்லை. அம்மாவின் அதே பெருங்குரலில் பாடத் தொடங்கினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.