ஆரத்தித் தட்டில் அரை எலுமிச்சம்பழம்

எங்கள் மாமாவுக்கு எதையும் ஒரு தடவை செய்தால் மனசு ஆறாது. பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடுவார். குடை எடுத்தால் கூடவே மழைக்கோட்டும் எடுப்பார், அதுவும் நெல்லை வெயிலில். இப்படிப்பட்ட மனுஷன் கையில் கல்யாணத்தன்று எலுமிச்சம்பழத்தையும் கத்தியையும் கொடுத்தது யார் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கல்யாணம் சித்தப்பாவுக்கு. அம்பாசமுத்திரத்தில் தாலி கட்டி முடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது உச்சி வெயில். எனக்கு ஒன்பது வயது. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, கற்கண்டுத் தட்டை ஏந்தும் பெரிய பொறுப்போடு நின்றிருந்தேன். பாதிக் கற்கண்டு அதற்குள் எங்கே போனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆரத்தி அத்தையின் இலாகா. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, மேலே சொன்ன மாமாவின் மனைவி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து அவள் கலக்கினால் குங்குமம் தோற்றுப்போகும், அப்படி ஒரு சிவப்பு. சகுனம் பார்ப்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதற்கு ஒரு கதை உண்டு. அவள் கல்யாணமாகி மாமா வீட்டுக்குப் போன அன்று, முதன்முதலாக அடுப்பில் வைத்த பால் திரிந்துபோனதாம். "பத்து வருசம்ட்டி. அந்த வீட்டுல கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனாக்கூட என் பாலைத்தான் சொன்னாவ" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

புதுச் சித்தி பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்த மறு திங்கட்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்கு அனுப்புவீர்களா என்று நிச்சயதார்த்தத்தன்றே அவள் வீட்டார் கேட்டார்கள். "பாக்கலாம்" என்றார் பெரியப்பா. அவர்தான் வீட்டுக்கு மூத்தவர். அவர் வாயில் "பாக்கலாம்" என்று வந்தால் நடக்காது என்று பொருள். சைக்கிள் கேட்டு நானும் அந்தப் பதிலை வாங்கியிருக்கிறேன்.

காருக்கு முன்னால் மாமா ஒரு பழத்தை வெட்டித் திருஷ்டி கழித்து வீசினார். அதோடு விட்டிருக்கலாம். மடியில் இன்னொரு பழம் இருந்தது. அதையும் வெட்டி, "ரெண்டும் சேந்தா எந்தக் கண்ணும் அண்டாது" என்று சொல்லிக்கொண்டே, அத்தை சுற்றுவதற்காகத் தூக்கிய ஆரத்தித் தட்டில் ஒரு பாதியைப் பிழிந்துவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மறைந்து தண்ணீர் வெறும் மஞ்சளாகிவிட்டது.

"பொண்ணு கால் வைக்கதுக்குள்ள நிறம் போயிட்டே" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரியில்லயே. நேரா கோயிலுக்குப் போயிட்டு, வேற நேரம் பாத்து வரட்டும். இனி பரீச்சை கிரீச்சைன்னு யாரும் வாயத் திறக்கக் கூடாது." நிறம் போனதற்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. சித்தப்பா மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சித்திதான் பேசினாள், குனிந்த தலை நிமிராமல். "மதினி, சுண்ணாம்பு இருக்கா?"

மாமாவின் வெற்றிலைப் பெட்டி இருக்கும்போது சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம். ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஒரு டம்ளர் தண்ணீரும் கரண்டியும் கேட்டாள். பாக்கு அளவு சுண்ணாம்பைக் கரைத்ததும் தண்ணீர் பால் மாதிரி ஆனது. "இது அடியில தங்கிரும். ஒவ்வொரு தடவையும் கலக்கிட்டுத்தான் அள்ளணும்" என்று என்னிடம் சொன்னாள். கல்யாணப் பெண் என்னிடம் பேசியதில் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

அத்தை தட்டைப் பிடித்திருக்க, சித்தி ஒரு கரண்டி ஊற்றினாள். விழுந்த இடத்தில் சிவப்பு விரிந்தது. வெற்றிலைக் காம்பால் கலக்கினாள், போய்விட்டது. இன்னொரு கரண்டி. அதுவும் போய்விட்டது. "எலுமிச்சையில உள்ள புளிப்பு தீர மட்டும் சுண்ணாம்ப அதுதான் தின்னும். அந்தப் புளிப்பு ரெண்டு பங்குக்குச் சுண்ணாம்பு மூணு பங்கு வேணும். புளிப்பு தீந்த பெறவுதான் மஞ்சளுக்குக் கிடைக்கும்" என்றாள் மெதுவாக, பாடம் ஒப்பிப்பதுபோல. "ஊத்தினதும் சிவந்தாப் போதாது. கலக்கின பெறவும் நிக்கணும். அப்பத்தான் கணக்கு." ஏழாவது கரண்டியில் சிவப்பு வந்தது. கலக்கினாள். நின்றது.

பெரியப்பா அசையவில்லை. "இது என்ன கண்கட்டு வித்தையா?"

"அண்ணாச்சி கையில மறுபாதிப் பழம் இருக்கு" என்றாள் சித்தி, மாமாவைக் காட்டி. "இதே அளவு ஆரத்தித் தண்ணியில பிழிஞ்சு மதினியே ஊத்திப் பாக்கட்டும். நான் தொடல. அதே ஏழு கரண்டியில சிவக்கும்."

"சிவக்கலேன்னா?"

சித்தி கரண்டியை அத்தையிடம் நீட்டினாள். "கோயிலுக்குப் போறேன். பரீச்சையும் வேண்டாம்."

ஒரு கிண்ணத்தில் அதே அளவு ஆரத்தித் தண்ணீர் வந்தது. மாமா மறுபாதியைப் பிழிந்தார். பெரிய பரீட்சையாயிற்றே, சும்மா விடுவாரா? பிழிந்த தொலியைத் திருப்பி, நரம்பு புடைக்க இன்னொரு முறையும் பிழிந்தார். அத்தை கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊற்றி, காம்பால் கலக்கினாள். ஆறாவது கரண்டியின் சிவப்பு முதல் கரண்டியைப் போலவே சட்டென்று போனது. சித்தியின் கை மாலையை இறுக்கிக்கொண்டிருந்தது. அத்தை ஏழாவது கரண்டியை ஊற்றினாள். சிவப்பு மேலே பரவியது. அத்தை காம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"நின்னுட்டு" என்றாள். "அண்ணே, பாத்துக்க." கிண்ணத்தைப் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள், அவர் கண்ணாடியைத் தேடி எடுக்கும் முன்பே இறக்கினாள். "வலது கால எடுத்து வச்சு உள்ள வா, தாயி."

கிண்ணம் என் கைக்கு வந்தது. ஆரத்தி சுற்றி, எல்லோரும் சித்திக்குப் பின்னால் உள்ளே போனார்கள். நான் நடந்த நடையில் தண்ணீர் தளும்பியது. பார்த்தால், மஞ்சள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"அத்த, நீ கலக்கவே..." என்று ஆரம்பித்தேன். என் தட்டிலிருந்தே ஒரு பெரிய கற்கண்டை எடுத்து என் வாயில் போட்டாள். "ஏட்டி, பைய அங்கன ஊத்திட்டு வா." பாவம், பதற்றத்தில் கலக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சித்தியிடம் சொல்லி மறுபடி செய்யச் சொல்லலாம் என்றுகூட இருந்தேன். நல்லவேளை, கற்கண்டு கரைய நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அத்தை தானே சித்தியைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. பெரியப்பா செய்தித்தாளைக் கீழே இறக்கவே இல்லை. சித்தி பரீட்சை எழுதினாள், மேலே படித்தாள், பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை ஆனாள். பிளஸ் டூவில் எனக்கு, நிறம் மாறி நிற்கும் துளியைப் பார்த்து அளவு சொல்லும் டைட்ரேஷன் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். கலக்காமல் நான் முடிவைச் சொன்னபோதெல்லாம் தலையில் ஒரு குட்டு விழும். அப்படி ஒரு நாள் குட்டு வாங்கியபோதுதான் கிண்ணத்து ரகசியத்தைச் சொன்னேன்.

சித்தி சிரித்தாள். "உங்க மாமா ரெண்டாவது தடவ பிழிஞ்சாவல்லா, அப்பவே எனக்கு உயிர் போயிட்டு. ஏழு பத்தாதுன்னு தெரியும். மதினி காம்பக் கீழ வச்சாப் பாரு, அப்பத்தான் திரும்ப வந்துது."

நான் விடவில்லை. எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, ஒரு பாதியைச் சாதாரணமாகவும் மறுபாதியை மாமா பிழிவது போலவும் பிழிந்து பார்த்தேன். முதல் பாதிக்கு ஏழு கரண்டி என்றால் இரண்டாவதற்கு ஒன்பது வருகிறது. கணக்கு எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது, அத்தை ஏன் காம்பைக் கீழே வைத்தாள் என்பதுதான் புரியவில்லை.

அத்தை இப்போதும் சகுனம் பார்க்கிறாள், பூனை குறுக்கே போனால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். பால் திரிந்த கதையையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வதால், அது வேடிக்கைக் கதை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.